ஒளித்திருந்து பார்த்தவர்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



கொச்சிக்கடையில் குடியிருப்பவர்களுக்குக் காகத்தைப் பற்றி எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. துறைமுகமும் சந்தையும் தேநீர்க் கடைகளும் இருக்கும் இடத்தில் காகத்துக்கு என்ன குறை? கையில் பாண் துண்டுடன் நின்றால் ஓரடி தூரத்தில் வந்து நிற்கும். பார்க்காததுபோல் இருந்தால் பாணையும் கொண்டுபோகும். ஆனால் அதே காகத்தைப் படம் எடுக்கலாம் என்று கமராவைத் தூக்கிப் பாருங்கள். கை கண்ணுக்கு வருமுன் காகம் கூரைக்குப் போய்விடும். கல்லைத் தூக்கினாலும் கமராவைத் தூக்கினாலும் அதற்கு ஒன்றுதான்.

மனிதன் பக்கத்தில் நிற்பதைப் பறவை பொறுத்துக்கொள்ளும். மனிதன் தன்னை உற்றுப் பார்ப்பதைத்தான் அது பொறுப்பதில்லை. பறவைகளைப் படம் பிடிக்கப் புறப்பட்டவர்கள் எல்லோரும் முதலில் இடறி விழுந்த கல் இதுதான். உலாவரும் பறவையை, உண்ணும் பறவையை, குஞ்சுக்கு ஊட்டும் பறவையை அதன் இயல்பிலே பார்க்கவேண்டுமானால், பார்ப்பவன் அங்கே இல்லாமற் போகவேண்டும். இல்லாமலும் போகவேண்டும், பார்க்கவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒருங்கே செய்வதற்கு மனிதன் கண்டுபிடித்ததுதான் மறைவுக் கூடாரம்.

நமது மொழியிலே ஒரு விசித்திரம் உண்டு. ஒளி என்றால் வெளிச்சம்; ஒளி என்றால் மறைந்துகொள். சிறுவர்கள் விளையாடும் ஒளித்துப் பிடித்தலிலும், ஒளிப்படம் என்ற சொல்லிலும் இருப்பது அதே இரண்டெழுத்து. ஒளித்திருந்து ஒளியைப் பிடிப்பவன் என்று பறவைப் படக் கலைஞனைத் தமிழில் மட்டுந்தான் சொல்லமுடியும் என்று நினைக்கிறேன்.

ஆனால் மறைந்திருப்பது நமக்குப் புதிதல்ல. குறிஞ்சி நிலத்துத் தலைவி இதணம் என்ற பரணிலே இருந்து தினைப்புனம் காத்ததைச் சங்க இலக்கியம் படித்தவர்கள் அறிவார்கள். அது கிளிகளை விரட்டுவதற்கான பரண். வன்னியிலே வேட்டைக்காரர் நீர்நிலையோரத்தில் பதுங்கியது கொல்வதற்காக. பின்னர் வந்த எங்கள் தலைமுறைக்கோ பதுங்குதல் என்றாலே பதுங்குகுழிதான். அது கொல்லப்படாமல் இருப்பதற்காக. விரட்டவும் அல்லாமல், கொல்லவும் அல்லாமல், உயிர் தப்பவும் அல்லாமல், வெறுமனே பார்ப்பதற்காக ஒருவன் மணிக்கணக்கில் பதுங்கியிருந்தான் என்பதுதான் இந்தக் கலையில் புதுமை.

இங்கிலாந்திலே றிச்சட் கியட்டன், செரி கியட்டன் என்று இரு சகோதரர்கள். 1892ஆம் ஆண்டு முட்டைகளோடு கூடிய ஒரு பறவைக் கூட்டைச் செரி படம் எடுத்தார். மூன்று வருடங்களின் பின் பறவைக் கூடுகள் பற்றிய அவர்களது நூல் முழுவதும் ஒளிப்படங்களோடு வெளிவந்தது. கூடு அசையாது, முட்டையும் அசையாது. தாய்ப் பறவையை எடுப்பதுதான் கஷ்டம். அக்காலத்துக் கமரா மரப்பெட்டி. உள்ளே கண்ணாடித் தகடு. தூரத்து வில்லைகள் இப்போது இருப்பதுபோல் இல்லை. பறவைக்குப் பக்கத்தில் போயே ஆகவேண்டும். சகோதரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு மாட்டின் தோலை வாங்கிப் பாடம் செய்வித்து, உள்ளே வெறுமையாக வைத்து, ஒருவர் அந்த மாட்டுக்குள் புகுந்துகொண்டு கமராவோடு வயலிலே நின்றார். மேயும் மாட்டைக் கண்டு எந்தப் பறவை பயப்படும்? மாடு கவிழ்ந்து நான்கு கால்களும் வானத்தைப் பார்க்கக் கிடந்த கதையும் உண்டு. சிரிப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் பறவை எதைக் கண்டு பயப்படுகிறது, எதைக் கண்டு பயப்படுவதில்லை என்று அதன் பக்கத்தில் இருந்து யோசித்த மனிதர்கள் அவர்கள்.

1911இல் எம்மா ரேணர் என்ற பெண்மணி நோர்போக் சதுப்பு நிலத்திலே ஒரு பெருங்குருகின் குஞ்சைக் கண்டு படம் எடுத்தார். அந்த இனம் இங்கிலாந்தில் குஞ்சு பொரிப்பது நின்று போயிற்று என்று எல்லோரும் எண்ணியிருந்த காலம். திரும்பி வந்துவிட்டது என்பதற்கு அந்தப் படமே சாட்சியாயிற்று. குருகு என்றதும் உங்களில் பலருக்குக் குறுந்தொகையில் கபிலர் பாடிய குருகு நினைவுக்கு வந்திருக்கும். தலைவன் தலைவியைக் கூடிய நாளிலே அங்கிருந்த ஒரே சாட்சி அது. மனிதருக்குக் குருகு சாட்சி நின்றது அங்கே. குருகுக்கு மனிதர் சாட்சி நின்றது இங்கே. இந்தக் குருகை மனதில் வைத்திருங்கள். சற்று நேரத்தில் நம்முடைய பக்கத்துக் குருகு ஒன்றிடம் வரவேண்டியிருக்கிறது.

மாட்டுத் தோல் போய்ச் சாக்குத் துணிக் கூடாரம் வந்தது. நான்கு கம்பு, சுற்றிலும் துணி, வில்லைக்கு ஒரு துவாரம், உள்ளே ஒரு முக்காலி. இவ்வளவுதான் பொருள். மற்றதெல்லாம் பொறுமை. கூடாரத்தை முதல் நாளே கூட்டருகில் கொண்டுபோய் வைக்கக்கூடாது. முதலில் தூரத்திலே வைக்கவேண்டும். பறவை அதற்குப் பழகியதா என்று பார்த்து, மறுநாள் சில அடி முன்னால் நகர்த்தவேண்டும். இப்படி ஒரு வாரம்கூடச் செல்லும். வில்லை இருக்கவேண்டிய துவாரத்திலே ஒரு போத்தலையோ தகரப்பேணியையோ சொருகிவிடுவார்கள். அந்த வட்டக் கண்ணுக்கும் பறவை பழகவேண்டுமல்லவா? கடைசியில், படம் எடுக்கும் நாளன்று இருவர் கூடாரத்துக்குப் போவார்கள். ஒருவர் உள்ளே தங்க, மற்றவர் வெளியே வந்து எல்லோரும் காணும்படி நடந்து போய்விடுவார். வந்த ஆள் போய்விட்டான் என்று பறவை நினைத்துக்கொண்டு கூட்டுக்குத் திரும்பும். காகத்திடம் மட்டும் இந்த வித்தை அவ்வளவாகச் செல்லாது என்று அனுபவசாலிகள் சொல்வார்கள்.

எரிக் ஹொஸ்கிங் (1909-1991) இந்தக் கலையின் பெரும் ஆசான்களில் ஒருவர். 1937இல் வேல்ஸ் பகுதியில் ஓர் இரவு. ஆந்தையின் கூட்டருகே அமைத்திருந்த மறைவிடத்துக்கு இருட்டில் ஏறிக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல் பறந்துவந்த தாய் ஆந்தை முகத்திலே அறைந்தது. இடது கண் போய்விட்டது. அவர் பறவைப் படத் தொழிலை விடவில்லை. பிற்காலத்தில் பறவைகளின் அசைவை உறைய வைக்கும் வித்தையில் வழிகாட்டியாக நின்றவரும் அவர்தான். 1940களின் பிற்பகுதியில், கண்ணிமைப்பின் மிகச் சிறு பங்கு நேரமே நின்று மறையும் மின்வெளிச்சத்தை அவர் பயன்படுத்தினார். ஒரு ஒளிக்கீற்றைப் பறவை வரும் வழியிலே குறுக்கே விட்டு, பறவை அதைக் கடக்கும்போது கமரா தானே சொடுக்கிக்கொள்ளும்படி செய்தார். அதாவது பறவை தன்னுடைய படத்தைத் தானே எடுத்துக்கொண்டது! 1970இல் வெளியான தமது சுயசரிதைக்கு, ஒரு பறவைக்காக ஒரு கண் என்று பொருள்படத்தான் அவர் பெயர் சூட்டினார். அந்த ஆந்தை செய்ததிலே பிழை இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள். கூட்டுக்கு ஏறி வந்தவன் படம் எடுக்க வந்தானா, குஞ்சு எடுக்க வந்தானா என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஆசியப் பக்கத்துக்கு வருவோம். லோக் வான் தோ என்பவர் 1915இல் கோலாலம்பூரில் பிறந்த பெரும் செல்வந்தர். சிங்கப்பூர், மலாயாவில் கதே திரையரங்குகளின் அதிபர். 1942இல் யப்பானியர் நெருங்கியபோது சிங்கப்பூரை விட்டுக் கப்பலில் புறப்பட்டார். கப்பல்மீது குண்டு விழுந்தது. உடலெல்லாம் தீக்காயம், சில காலம் பார்வையே இல்லை. பிழைத்து இந்தியா வந்துசேர்ந்த அவர், பம்பாயில் பறவையியல் மேதை சலீம் அலியைச் சந்தித்தார். பார்வை மீண்ட அந்தக் கண்கள் பிறகு பார்த்ததெல்லாம் பறவைகளைத்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. சலீம் அலியோடு அலைந்தார், மறைவிடங்களிலே குந்தியிருந்தார். சிங்கப்பூரிலே ஒரு கடற்கழுகின் கூட்டைப் படம் எடுப்பதற்காக நூறடிக்கு மேல் உயரமான கோபுரமே கட்டுவித்தார். 1957இல் அவரது பறவை நூல் வெளிவந்தது. 1964இல் தாய்வானில் நடந்த விமான விபத்திலே இறந்தார். மாளிகையிலே இருக்கக்கூடியவர், சாக்குத் துணிக்குள் வியர்த்துக்கொண்டு இருந்தார். காசால் கோபுரம் கட்டலாம். பறவை திரும்பி வரும் நேரத்தைக் காசால் வாங்கமுடியாது.

தமிழர்கள் பெருமைப்படவேண்டிய ஒருவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர். 1912இல் பிறந்தவர். 1950 முதல் 1996இல் மறையும் வரை ஒரே ஆங்கிலப் பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார். தமிழிலும் இனிமையாக எழுதினார். கறுப்பு வெள்ளைப் படங்களே அவருடைய விருப்பம். காட்டிலே நடந்தும், பழக்கிய யானையின் முதுகிலே அமர்ந்தும் படம் எடுத்தார். யானைமேல் இருக்கும் மனிதனைக் காட்டு விலங்குகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. கியட்டன் சகோதரர்கள் செத்த மாட்டுக்குள் புகுந்து செய்ததை நம்மவர் உயிருள்ள யானைமேல் இருந்து செய்தார் எனலாம். விலங்கு தன் இயல்பிலே இருக்கவேண்டும். அதைக் குலைத்து எடுத்த படம் எவ்வளவு அழகாயினும் அது பொய். இந்த எண்ணத்தோடுதான் அவருடைய படங்களைப் பார்க்கவேண்டும்.

இனி நம்முடைய குருகு.

எண்பதுகளின் தொடக்கம். கொச்சிக்கடையில் என் உறவினர் ஒருவரின் ஸ்ரூடியோவில் மாலை வேளைகளில் இருட்டறை வேலை செய்துகொண்டிருந்தேன். அடையாள அட்டைப் படங்களும் கலியாணப் படங்களும்தான் எங்கள் பிழைப்பு. வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஆசிரியர் தம்முடைய றோல்களைக் கழுவ அங்கே கொண்டுவருவார். மாஸ்டர் என்றுதான் எல்லோரும் அழைப்போம். அவருடைய றோல்களில் மனிதரே இருக்கமாட்டார்கள். எல்லாம் பறவைகள். ஒருநாள், "தம்பி, கழுவிக்கொண்டு மட்டும் இருந்தால் காணுமோ? ஒருக்கால் வந்து பாருமன்" என்றார். போனேன்.

தெகிவளைக்கு அப்பால் அத்திடியச் சதுப்பு நிலம். இன்று அது பெல்லன்வில - அத்திடிய சரணாலயம். 1990இல்தான் அப்படிப் பிரகடனம் செய்யப்பட்டது. நாங்கள் போன நாளில் அது வெறும் சதுப்பு. சம்பும் கோரையும் ஆளுயரத்துக்கு நிற்கும். அங்கே ஒரு மஞ்சட் குருகு கூடு கட்டியிருந்தது. நேயர்களே, மறைந்திருப்பதில் அந்தப் பறவையை மிஞ்ச ஆள் இல்லை. ஆபத்து என்றால் பறக்காது. கழுத்தை நீட்டி அலகை வானத்துக்குத் தூக்கி அப்படியே நின்றுவிடும். கோரைத் தாளோடு கோரைத் தாளாகிவிடும். கண்முன்னே நின்றாலும் காணமாட்டீர்கள். முதல் நாள் மாஸ்டர் விரலால் காட்டிய பிறகும் எனக்கு அரை நிமிடம் பிடித்தது.

மூன்று வாரம் ஞாயிறு தோறும் போனோம். கூடாரம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்தது. மூன்றாம் வாரம் குஞ்சுகள் பொரித்திருந்தன. நான்காவது ஞாயிறு படம் எடுப்பது என்று தீர்மானம். சனிக்கிழமை மாலை கமராவை வைத்துப் பார்த்தால், கூட்டுக்கு முன்னால் நாலைந்து கோரைத் தாள்கள் மறைத்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே புல் வெட்டிப் பிழைக்கும் சிங்கள முதியவர் ஒருவர் எங்களுக்குத் தோணி தள்ளி உதவுவார். "வெட்டவேண்டாம் மாத்தயா, கயிற்றால் பக்கத்துக்கு இழுத்துக் கட்டுங்கள், போகும்போது அவிழ்த்துவிடலாம்" என்றார். மாஸ்டர் யோசித்தார். கட்டினால் தாள் வளைந்து படத்திலே விழும் என்று நான்தான் சொன்னேன். பொழுதும் பட்டுக்கொண்டிருந்தது. கத்தியை எடுத்து வெட்டியதும் நான்தான்.

ஞாயிறு விடியற்காலை மாஸ்டர் உள்ளே போனார். நானும் முதியவரும் அவர் காணத் தோணியைத் திருப்பிக்கொண்டு போனோம். நாலரை மணித்தியாலம். வெளியே வந்தவருடைய சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வடியும். ஆனால் முகம் எப்படியிருந்தது என்கிறீர்கள்! "தாயும் வந்தது, தகப்பனும் வந்தது தம்பி. குஞ்சு அலகைப் பிடித்து இழுக்கிற நேரம் சொடுக்கினேன்" என்றார். வெட்டிய தாள்களை எடுத்துக் கூட்டுக்கு முன்னால் குத்திவைத்துவிட்டு வந்தோம். வெட்டிய கோரை எவ்வளவு நேரம் நிற்கும்?

புதன்கிழமை பாடசாலை விட்டபின் மாஸ்டர் தனியே போய்ப் பார்த்தார். கூடு வெறுமை. நாங்கள் போய் அரை மணிக்குள் இரண்டு காகங்கள் வந்தன என்று முதியவர் சொன்னாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம்.

வெள்ளிக்கிழமை இரவு அந்த றோலை இருட்டறையில் பிரிண்ட் போட்டேன். மாஸ்டர் பக்கத்தில் நின்றார். சிவப்பு விளக்கின் கீழே, தட்டத்துத் தண்ணீரில் படம் மெதுவாக எழும்பி வந்தது. குருகின் கழுத்து, விரித்த சிறகின் ஒவ்வொரு இறகு, அலகைப் பற்றித் தொங்கும் குஞ்சு. என் வாழ்நாளில் நான் பிரிண்ட் போட்ட படங்களுள் அதற்கு மேலான படம் இல்லை. மேல் மூலையில் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி. நெகற்றிவ்வில் ஏதோ பழுது என்று நினைத்து மறுபடி போட்டேன். போகவில்லை. பெரிதாக்கிப் பார்த்தோம். பின்னால் ஒரு கம்பத்தின்மேல், தெளிவில்லாமல், ஒரு காகம். கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாங்கள் வில்லைக்குத் திறந்த வழிதான் காகத்துக்கும் வழியாயிற்று. பறவைக்கு நாங்கள் மறைந்திருந்தோம். பறவையை உலகுக்கெல்லாம் திறந்துவைத்தோம். அடுத்த மாதம் ஒரு புகைப்படப் போட்டி இருந்தது. "மூலையை வெட்டிப்போட்டு அனுப்பலாமே மாஸ்டர்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "மூலையை வெட்டலாம் தம்பி. கோரையையும் அப்படித்தானே வெட்டினோம்" என்றார். அவ்வளவுதான். படம் எங்கும் போகவில்லை. கூடாரத்தை அவர் விடவில்லை; ஆனால் அதன்பின் எந்தக் கூட்டுக்கு முன்னாலும் அதை நாட்டியதில்லை. இரை தேடும் இடம், குளிக்கும் இடம், தங்கும் மரம் என்று பார்த்துக் காத்திருந்தார். படங்கள் குறைந்தன. கிடைத்தவற்றிலே பறவைகள் நிம்மதியாக இருந்தன.

இன்று காலம் மாறிவிட்டது. தொலைவிலிருந்தே இறகை எண்ணக்கூடிய வில்லைகள் வந்துவிட்டன. றோலும் இருட்டறையும் அநேகமாக மறைந்துவிட்டன. கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று பல போட்டிகளும் சஞ்சிகைகளும் விதி வைத்திருக்கின்றன. நம் நாட்டிலோ பறவைகளையும் முட்டைகளையும் காக்கும் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலேயே வந்தது. ஆனால் நாலைந்து கோரைத் தாளை வெட்டாதே என்று எந்தச் சட்டம் வந்து ஒவ்வொரு கையையும் பிடிக்கும்? கருவி மாறினாலும் அந்தக் கை மாறவில்லை. இன்னும் ஓரடி கிட்டே, இன்னும் கொஞ்சம் தெளிவாக என்று அரிக்கிற கை அது. எழுதுகிறவர்களுக்கும் அந்தக் கை உண்டு. பிறர் வீட்டுத் துயரத்தைக் கதையாக்கும்போது எந்தக் கோரையை வெட்டுகிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

பறவை பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு மாஸ்டர் சொல்லித்தந்த ஓர் அளவுகோலைச் சொல்லி முடிக்கிறேன். பேர வாவிக் கரையிலே கூழைக்கடாக்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஒரு தூணுக்கோ, நிறுத்திய வாகனத்துக்கோ பின்னால் அசையாமல் இருங்கள். பறவை தலையை நிமிர்த்தி உங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால், நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள், பின்னால் போங்கள். அது தன் இறகைக் கோதத் தொடங்கினால், உங்களை மறந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிமிடத்திலே கமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மாஸ்டர் மறைந்து பல வருடங்களாகின்றன. அந்தக் குருகின் படம் இன்றும் என்னிடம் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, மூலை வெட்டப்படாமல். எவ்வளவு அழகான படம் என்று உங்களுக்குக் காட்டவேண்டும் என்ற ஆசை இந்தப் பேச்சை எழுதும்போதும் எழுந்தது. வானொலியில் படம் காட்டமுடியாது. அதுவும் நல்லதுதான்.